பெரியம்மா சேற்றில் உட்கார்ந்த நாள்

அந்தப் படகுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தது மச்சான்தான். அகலமான இடுப்பு, ஆடி அசைந்து நகரும் நடை, எங்கே தொட்டாலும் ஒரு முனகல். "நம்ம கல்யாணத்துக்கெல்லாம் வந்து முதல் வரிசையில உட்காருவாங்களே ஒரு பெரியம்மா, அச்சு அசல் அவங்களேதான்டா மாப்ளே" என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மச்சான் என்பது கண்ணாடிக்காரரின் மனைவியுடைய அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருவருக்கும் ஒரே வயது என்பதால் ஆரம்பத்திலிருந்தே வா போ என்றுதான் பேச்சு. ஒருவர் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து தருகிறவர், இன்னொருவர் நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது தண்ணீர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழிமுகத்துக்குப் போய், அடுத்தவர்களின் படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரியம்மா, மூடிப்போன ஒரு மரச்சாமான் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தாள். சின்ன அறை ஒன்றும் டீசல் எஞ்சினும் உள்ள பழைய மரப்படகு. தார்ப்பாயை விலக்கியபோது உள்ளேயிருந்து ஒரு பூனை குட்டிகளோடு முறைத்தது. பூனைக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள்.

பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா, பைத்தியம் என்று சொல்வதா? பழைய பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு சொந்தக்காரனின் ரசனையும் வெளியே வந்தது. பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் ஒரு கொடுமையான ஆரஞ்சு. இற்றுப்போன பலகைகளைப் பிடுங்கிப் புதுப் பலகை வைத்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் தட்டித் தட்டி இறக்கி, தண்ணீர் புகாதபடி மேலே மக்கு பூசினார்கள். எஞ்சின் மச்சானின் ராஜ்யம். அதைப் பிரித்து மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பியதில், அந்த வீட்டில் எல்லோரும் பல மாதங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். வட்ட ஜன்னல்களின் கண்ணாடி, பித்தளை வளையங்கள், வார்னிஷ் இதெல்லாம் கண்ணாடிக்காரரின் பொறுப்பு. ஒரு கோட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்து, மரத்துக்குள்ளிருந்து தேன் நிறம் எழுந்து வரும்போது, மச்சான் எஞ்சின் பள்ளத்திலிருந்து கிரீஸ் முகத்தோடு தலையை நீட்டி, "மாப்ளே, பெரியம்மாவுக்கு முகூர்த்தப் புடவை கட்டிட்ட போ" என்பார். கண்ணாடிக்காரரின் மனைவி படகுக்கு மெத்தை உறைகள் தைக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்காரரின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் கிடையாது. அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தபோதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

ஒருநாள் படகு சங்கத்தின் செயலாளர் கண்ணாடி மாற்றுவதற்காகக் கடைக்கு வந்தார். சங்கம் என்றால் கழிமுகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கட்டடமும் புல்தரையும் உள்ள இடம். இவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்த படகுகளெல்லாம் அங்கேதான் நிற்கும். செயலாளர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். சுவரில் மாட்டியிருந்த பெரியம்மாவின் போட்டோவைப் புதுக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர், நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அடேயப்பா! இது யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"யாரு இந்த வேலையைப் பண்ணிக் கொடுத்தா?"

"நானேதான் சார். கொஞ்சம் கொஞ்சமா..."

"எல்லாத்தையுமா? எஞ்சின்கூடவா?"

உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் செயலாளரின் கண்ணில் இருந்த அந்த மரியாதையை இரண்டாகப் பங்கு போட அந்த நேரத்தில் அவருக்கு மனம் வரவில்லை.

"ஒத்தாசைக்கு ஒரு ஆள் உண்டு சார். பஸ் ஓட்டுறவர். வேலை முடிஞ்சு வந்து, சொன்னதைச் செஞ்சுட்டுப் போவார்."

சொல்லி முடித்ததும் காது மடல் சூடானது. செயலாளர் அதைக் கவனிக்கவில்லை. "ஒருநாள் என்னை ஏத்திட்டுப் போங்க. சங்கத்துல உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் பல இரவுகள் சந்தோஷமாகத் தூங்கினார்.

பெரியம்மாவைத் தண்ணீரில் இறக்கியாயிற்று. மரப்படகு பல வருஷம் கரையில் காய்ந்து கிடந்தால் உடனே ஓட்ட முடியாது. பலகை தண்ணீர் குடித்து ஊதி, இடுக்குகள் தானாக இறுக வேண்டும். அதுவரை துறையில் கட்டிப் போட்டு, உள்ளே ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் முறை வைத்துப் போய் இறைத்தார்கள். "பெரியம்மா இன்னைக்கு எவ்வளவு குடிச்சா?" என்பதுதான் போனில் முதல் கேள்வி. குடிப்பது குறைந்து, ஒருநாள் அடியில் ஈரம் மட்டுமே இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு முதல் சவாரி என்று முடிவு செய்தார்கள்.

அதற்குள், வாரத்தின் நடுவில், செயலாளர் போன் செய்தார். "இன்னைக்குக் காத்து அருமையா இருக்கு. நான் சும்மாதான் இருக்கேன். போகலாமா?"

இன்னும் சவாரி ஆரம்பிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சானுக்கு அன்று பகல் டியூட்டி. சும்மா முகத்துவாரம் வரைக்கும் போய்த் திரும்புவதுதானே, அவருக்குத் தெரியவா போகிறது என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரியம்மா அருமையாகப் போனாள். எஞ்சின் தடங்கலில்லாமல் உறுமியது. கண்ணாடிக்காரர் சுக்கான் பிடித்திருக்க, முன்பக்கம் தண்ணீர் இரண்டாகப் பிளந்து நுரைத்து விலகியது. வார்னிஷ் போட்ட மரத்தைச் செயலாளர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "என்ன சுத்தம்! உங்க கை பொன்னான கை" என்றார். கண்ணாடிக்காரர் சிரித்தார். அது தன் கை இல்லை என்று தெரிந்தும் சிரித்தார். 

திரும்பும்போது பேச்சு சுவாரசியத்தில், பாலத்துக்குப் பக்கத்தில், படகு போகும் ஆழமான வாய்க்காலின் நடுவை விட்டு ஒதுங்கிவிட்டார். கடல் வற்றும் நேரம். அடியில் மெத்தென்று ஏதோ தட்டியது. எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். சேறு கலங்கிக் குழம்பாக வந்ததே தவிர, படகு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது. பெரியம்மா மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, பந்தி முடிந்தும் எழ மனமில்லாதவளைப் போலச் சேற்றில் வசதியாக உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்ல, தண்ணி ஏறினா தானா கிளம்பும்" என்றார் செயலாளர். சிறிது நேரம் கழித்து, "உங்க ஆளைக் கூப்பிட்டா என்ன?" என்றார்.

"போன் எடுக்க மாட்டேங்கிறார் சார்." அவர் போனே செய்யவில்லை.

பாலத்தில் வண்டிகள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தன. நடந்து போகிறவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அப்போதுதான் ஒரு பேருந்து பாலத்தின் நடுவில் வந்து நின்றது. ஜன்னல் முழுக்கத் தலைகள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம். டிரைவர் பக்கத்து ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது.

மச்சான் கத்தவில்லை, கையசைக்கவும் இல்லை. படகைப் பார்த்தார், சுக்கான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், நிழலில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பேருந்து நகர்ந்தது. கண்ணாடிக்காரருக்கு அந்தச் சேறு அப்படியே வாயைத் திறந்து தன்னை விழுங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

டியூட்டி முடிந்து மச்சான் வந்தார். யூனிஃபார்ம் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, தோளில் இரண்டு நீளப் பலகைகளோடு கரையிலிருந்து இறங்கினார். ஒரு பலகையைப் போட்டு, அதில் நடந்து, அடுத்ததை முன்னால் போட்டு, அப்படியே படகுக்கு வந்து சேர்ந்தார்.

செயலாளர் முகம் மலர்ந்தது. "வாப்பா, வா! நீதானே இவர்கிட்ட ஒத்தாசைக்கு இருக்கிற ஆளு? பஸ் ஓட்டுறியாமே. நல்ல வேளை வந்தே."

மச்சான் நின்றார். திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது. இந்த ஆள் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், நீ சொல் என்பது போல.  கண்ணாடிக்காரர் குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காகச் சுருட்டியிருந்த கயிற்றை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

"ஆமாங்க சார்" என்றார் மச்சான். "முதலாளி, அந்தப் பலகையோட முனையைக் கொஞ்சம் பிடிங்க. சார் இறங்கட்டும்."

முதலாளி முனையைப் பிடித்தார்.

பாதி வழியில் செயலாளரின் கால் வழுக்கிச் சேற்றில் புதைந்தது. மச்சான் அவரைத் தாங்கிப் பிடித்து, ஒரு கையால் ஷூவைத் தேடி எடுத்துக் கரை சேர்த்தார். துறையில் ஒரு குழாய் இருந்தது. செயலாளர் இரண்டு ஷூவையும் கழற்றி நீட்டினார். அதில் திமிர் எதுவும் இல்லை. வேலையாளிடம் வேலை சொல்வதாகவே அவர் நினைத்தார். "இதைக் கொஞ்சம் அலசிக் கொடுத்துடுப்பா."

மச்சான் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அந்த வெள்ளை ஷூக்களைச் சேறு போகக் கையால் தேய்த்துக் கழுவினார். கண்ணாடிக்காரர் நாலடி தள்ளி நின்றார். செயலாளரைத் தவிர சுற்றிலும் யாருமே இல்லை. தடுப்பதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும், 'மச்சான்' என்று கூப்பிட்டாலே போதும். அவர் தன் கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"விசுவாசமான ஆளு. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஈர ஷூவோடு செயலாளர் காரில் ஏறிப் போனார்.

படகைக் கரையோரக் கம்பம் ஒன்றில் கட்டிவிட்டு, தண்ணீர் ஏறும் வரை இருவரும் படகின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"மச்சான்..."

"தண்ணி வந்துருச்சு. கயிறை அவிழுங்க" என்றார் மச்சான்.

அவிழுங்க. இத்தனை வருஷத்தில் இருவர் மட்டும் இருக்கையில் முதல் தடவையாக வந்த மரியாதை அது; கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

வீட்டில், சட்டையில் சேறு எப்படி என்று மனைவி கேட்டாள். துறையில் வழுக்கிவிட்டது என்றார். மச்சான் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை அவளுக்குப் போன் வந்தது. நாளைக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள், வர முடியாது, நீங்கள் போய் வாருங்கள் என்றார்.

"ஆறு மாசமா இந்த நாளுக்காகக் குதிச்ச மனுஷன், டியூட்டியை மாத்திக்க மாட்டாரா?" மனைவி மெத்தை உறையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?"

கண்ணாடிக்காரர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கடையில் சொன்ன பொய்யிலிருந்து குழாயடி வரைக்கும். சொல்லும்போது ஒவ்வொன்றும் நடந்தபோது இருந்ததைவிட அசிங்கமாகக் கேட்டது. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எங்க அண்ணன் உங்களுக்கு ஆளா?"

அவர் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஷூவை நானா கழுவினேன்?" அவள் உறையை அப்படியே மடித்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவரிடம் சாப்பிட வாங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

மறுநாள் அவர் சங்கத்துக்குப் போனார். புல்தரையில் நாற்காலி போட்டு, நாலைந்து பேரோடு செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க! இவர்தான் நான் சொன்ன ஆளு. தனியாளா ஒரு படகையே..." என்று ஆரம்பித்தார்.

"சார், அது பொய்."  "அந்தப் படகு ரெண்டு பேருக்குச் சொந்தம். எஞ்சின் முழுக்க அவர் வேலை. பலகை வேலை சேர்ந்து செஞ்சோம். அன்னைக்கு வந்து உங்களை இறக்கிவிட்டவர் வேலைக்காரர் இல்ல. என் மனைவியோட அண்ணன்."

டீ குடித்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். செயலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நான் அவர்கிட்ட ஷூவைக் கொடுத்தேன்" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"நீங்க பாத்துட்டு நின்னீங்க."

"ஆமா சார்."

"என்னையும் சேர்த்துல்ல அசிங்கப்படுத்திட்டீங்க" என்றார் செயலாளர். சத்தமாகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. கண்ணாடிக்காரர் அந்தப் புல்தரையைத் தாண்டி வெளிக்கதவு வரை நடந்தார். முதுகு முழுக்கக் கண்கள்.

அங்கிருந்து நேராகப் பேருந்துப் பணிமனைக்குப் போனார். மச்சான் கேன்டீன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் செய்ததைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். மச்சான் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஷூ கழுவினது எனக்குப் பெருசில்ல. ஒரு வயசானவருக்குக் கழுவிக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். "அவர் அப்படிக் கேட்டதும் நான் உங்களைத் திரும்பிப் பாத்தேன். இல்லன்னு சொல்வீங்கன்னு நம்பித்தான் பாத்தேன். நீங்க கயிறு சுத்திட்டிருந்தீங்க."

"தப்புதான் மச்சான்."

"பஸ் ஓட்டுறேன்னு நான் எங்கேயும் கூசினதில்ல. உங்க வாயில வந்தப்பதான் முதல் தடவை கூசிச்சு." அவர் எழுந்தார். "படகை நீங்க ஓட்டுங்க. எனக்கு மனசு வந்தா வரேன். கூப்பிடாதீங்க."

கண்ணாடிக்காரர் ஓட்டவில்லை. தினமும் கடையைச் சாத்தியதும் துறைக்குப் போனார். பெரியம்மாவின் அடியில் ஊறியதை இறைத்தார், உப்புப் படிந்த பித்தளையைத் துடைத்தார், எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். கட்டுக் கயிற்றை அவிழ்க்கவில்லை. மற்றவர்கள் படகில் போகும்போது, "என்ன சார், கிளம்பலையா?" என்பார்கள். "இன்னொருத்தர் வரணும்" என்பார். கடைச் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்து யாராவது கேட்டால், "என் மச்சானும் நானும் செஞ்சது" என்று சொல்லப் பழகினார். ஒவ்வொரு தடவையும் மச்சான் என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது.

மழைக்காலம் வந்து போனது. மனைவி பேச ஆரம்பித்திருந்தாள். அலமாரியை மட்டும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது படகு ஒரு பக்கமாக அழுந்தியது. மச்சான் ஏறியிருந்தார். கையில் ஒரு எண்ணெய் வடிகட்டி. எஞ்சின் பள்ளத்துக்குள் இறங்கி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பிறகு உள்ளேயிருந்தபடியே சொன்னார்:

"அந்தச் செயலாளர் நேத்து என் வண்டியில ஏறினார். கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, எல்லாரும் இறங்கினப்புறம் என் முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை மாசமா எந்த ரூட்டுன்னு தேடினாராம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதையும் நீங்கதான் பண்ணி வெச்சீங்க."

"ஆமா" என்றார் கண்ணாடிக்காரர். 

"தங்கச்சியை வரச் சொல்லுங்க. காத்து நல்லா இருக்கு."

மனைவி மெத்தை உறைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், "மெலிஞ்சு போயிட்ட" என்றாள். மூவருமாகக் கிளம்பினார்கள். மச்சான்தான் சுக்கான் பிடித்தார். பாலத்துக்கு அடியில் போகும்போது கண்ணாடிக்காரரால் அந்தச் சேற்றுத் திட்டைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்துவாரத்தில் முதல் அலை படகைத் தூக்கி இறக்கியபோது மனைவி வீலென்று கத்தினாள், மறுகணம் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். மச்சானும் சிரித்தார். "பாத்தியா மாப்ளே, பெரியம்மா குதிக்கிறா!" என்று கத்தினார். கத்திய பிறகு, தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவர் போல வாயை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டாமல் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். வெயிலில் மரம் சூடாக இருந்தது. இந்தத் தண்ணீரும் காற்றும் எஞ்சின் சத்தமும் எவ்வளவு நல்லவை என்று நினைக்கும்போதே, இவற்றை முதலில் யாரோடு, யாரை விட்டுவிட்டு அனுபவித்தோம் என்பதும் கூடவே வந்தது. இனி எப்போதும் கூடவே வரும் என்று அவருக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் மச்சான் அவரைக் கூப்பிட்டார். "வந்து பிடிங்க. கை வலிக்குது." அவர் சுக்கானைப் பிடித்தார். மச்சான் தங்கை போட்டிருந்த புது மெத்தையில் கால் நீட்டிப் படுத்து, நடு வாய்க்காலை விட்டு விலகாமல் அவர் ஓட்டுகிறாரா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். துறை தெரிகிற வரை அந்தக் கண் மூடவில்லை.